புறம்போக்குப் பிரதிகள்: தொகை மரபும் ‘உள்ளடக்க மேலாண்மை’யும்

1

தமிழ் விமர்சனத்தில் ‘உருவம் – உள்ளடக்கம்’ என்கிற சண்டைக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ 1959இல் தொடங்கியபோது உருவத்தின் பக்கம் நின்றவர்களும், உள்ளடக்கத்தின் சமூகப் பொறுப்பை வலியுறுத்திய முற்போக்கு விமர்சகர்களும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போனார்கள்: பிரதியை இரண்டாகப் பிரிக்க முடியும் என்பதில். 1982இல் தமிழவனின் ‘ஸ்ட்ரக்சுரலிசம்’ வந்து, அதன்பின் அமைப்பியலும் பின்-அமைப்பியலும் இங்கு பேசப்பட்டபோது இந்த இருமையைக் கட்டுடைத்துப் புதைத்தாயிற்று என்றே நாம் நம்பிக்கொண்டிருந்தோம். புதைத்தது உயிரோடுதான் இருக்கிறது. சிறுசேரியில் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறது. ‘உள்ளடக்கம்’ என்பதே அங்கு ஒரு துறையின் பெயர். அதை ‘மேலாண்மை’ செய்வது ஒரு தொழில்.

உள்ளடக்க மேலாண்மை அமைப்பு – பேச்சில் சி.எம்.எஸ். – என்பது என்ன? ஒரு வலைத்தளத்தில் ஏற்றப்படும் எழுத்துக்கெல்லாம் கட்டங்கள் போட்டு வைத்திருக்கும் இயந்திரம். தலைப்புக்கு ஒரு கட்டம், உடலுக்கு ஒரு கட்டம், ஆசிரியர் பெயருக்கு, தேதிக்கு, வகைக்கு, குறிச்சொல்லுக்கு என்று தனித்தனியே கட்டங்கள். கட்டங்களில் இட்டவை தரவுத்தளத்தின் அட்டவணைகளில் வரிசை வரிசையாகப் போய் உட்காரும். வாசகர் பார்க்கும் ‘பக்கம்’ என்று முன்கூட்டியே எதுவும் அங்கே இல்லை. அவர் கேட்கிற கணத்தில் வார்ப்புருவில் ஊற்றித் தரப்படுகிறது. வார்ப்புருவை நாளைக்கே மாற்றலாம், உள்ளடக்கத்துக்கு ஒன்றும் ஆகாது. 2001இல் வந்த துருபல், 2003இல் வந்த வேர்ட்பிரஸ் இரண்டுக்கும் அடிப்படை இதுதான். அதாவது, நமது பழைய இருமை இப்போது கருத்து அல்ல, கட்டுமானம்.

பழைய மகாபலிபுரம் சாலை தொடங்கும் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் இருக்கின்றன. சோழிங்கநல்லூரில் உள்ளே திரும்பினால் பெரும்பாக்கத்தில், 2022இல் திறந்த கட்டடத்தில், செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம். நேரே தெற்கே போனால் நாவலூர் தாண்டி சிறுசேரி சிப்காட். தமிழைச் சேமிப்பவர்களும், சேமிப்பதற்கான இயந்திரங்களை ஓட்டுகிறவர்களும் ஒரே சாலையில் இருக்கிறார்கள். ஒரே பேருந்தில்கூடப் போகிறார்கள். ஒருவர் செய்வது மற்றவர் செய்வதும்தான் என்பது மட்டும் இருவருக்கும் தெரியாது. எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டுச் சில காலம் அந்தச் சாலையின் தென்கோடியில், ஒரு தமிழ்த் தளத்தின் பழைய பக்கங்களைப் புதிய அமைப்புக்கு மாற்றும் ஒப்பந்த வேலையில் நானும் இருந்திருக்கிறேன். அங்கே பார்த்ததை வைத்துச் சொல்ல விரும்புவது இது: ஒழுங்குபடுத்துவது ஒரு வாசிப்பு. வாசித்தவர் யாரென்று சொல்லாத ஒழுங்கு, அதிகாரம்.

2

கட்டம் போடுவது நமக்குப் புதிதல்ல. பதிற்றுப்பத்தின் கிடைத்த பாடல்கள் ஒவ்வொன்றின் கீழும் நான்கு குறிப்புகள் உண்டு: துறை, வண்ணம், தூக்கு, பெயர். பதினோராம் பாட்டை எடுத்துக்கொண்டால் – துறை: செந்துறைப் பாடாண்பாட்டு, வண்ணம்: ஒழுகு வண்ணம், தூக்கு: செந்தூக்கு, பெயர்: புண்ணுமிழ் குருதி. இதை அப்படியே ஒரு தரவுத்தள அட்டவணைக்கு மாற்றலாம்; நான்கு புலங்கள், எதுவும் காலியில்லை. பாட்டின் பெயர் பாட்டுக்குள்ளிருந்தே எடுக்கப்பட்ட ஒரு தொடர் என்பதைக் கவனிக்க வேண்டும். தொகுத்தவர் அல்லது குறிப்பெழுதியவர் வெளியிலிருந்து தலைப்பு ஒட்டவில்லை. இந்தப் பாட்டில் எனக்கு உயிராகப் பட்ட இடம் இது என்று விரல் வைத்துக் காட்டியிருக்கிறார். அது விமர்சனச் செயல்பாடு.

வகைப்படுத்துவது எவ்வளவு பெரிய வாசிப்பு என்பதற்கு நெடுநல்வாடையைவிட நல்ல சாட்சி இல்லை. பாசறையில் அரசன், அரண்மனையில் பிரிவில் வாடும் அரசி, நடுவில் வாடைக்காற்று. வாசிக்கிற யாரும் அகம் என்றே சொல்வார்கள். நச்சினார்க்கினியர் புறம் என்றார். காரணம், ஒரு வேலில் கட்டியிருந்த வேம்பு. வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ. அகப்பாட்டில் தலைமக்கள் இன்னார் என்று சுட்டப்படக் கூடாது. பூவைச் சொன்னாலும் ஆளைச் சொன்னதுதான். ஒரு சிறு தகவல் மொத்தப் பிரதியையும் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குத் தூக்கிப் போட்டுவிடுகிறது. நாம் அவரோடு சண்டை போடலாம், போட்டிருக்கிறார்கள். ஏன் போட முடிகிறது? காரணத்தை அவர் எழுதிவைத்திருக்கிறார், பெயர் இருக்கிறது, உரை இருக்கிறது. புறநானூற்றின் திணை துறைக் குறிப்புகளில் கரந்தை, பொதுவியல் முதலானவை தனித் திணைகளாக வருகின்றன. தொல்காப்பியம் சொல்லும் ஏழு புறத்திணைகளில் அவை இல்லை. ஆகவே, குறிப்பெழுதியவர் வேறொரு இலக்கண மரபின் கண்ணாடி வழியே பார்த்தார் என்று நாம் கண்டுபிடிக்க முடிகிறது. வகைமை தன் கைரேகையை விட்டுச் சென்றிருக்கிறது.

இப்போது இயந்திரத்துக்கு வருவோம். வேர்ட்பிரஸில் ஒரு கட்டுரையின் வாசகத்தைத் திருத்தினால் பழைய வடிவம் சேமிக்கப்படும். யார், எந்த நாளில், எந்தச் சொல்லை மாற்றினார் என்று பின்னால் போய்ப் பார்க்கலாம். ஆனால், அந்தக் கட்டுரையின் வகையை மாற்றினால்? ‘இலக்கியம்’ என்றிருந்ததை ‘நாட்டார் வழக்கு’ என்று மாற்றுங்கள், ‘அரசியல்’ என்றிருந்ததை ‘சாதி’ என்று மாற்றுங்கள் – திருத்த வரலாற்றில் அது பதிவாகாது. அந்த வரலாறு தலைப்பையும் உடலையும் சுருக்கத்தையும்தான் கணக்கில் கொள்கிறது. வாசகம் மாறுவது நிகழ்ச்சி. வகை மாறுவது நிகழ்ச்சியே அல்ல. இதைத் தொழில்நுட்பக் குறை என்று விட்டுவிட முடியாது. உள்ளடக்கம்தான் ‘எழுத்து’, வகைப்படுத்தல் வெறும் ‘அலுவல்’ என்கிற கருத்தியல் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது.

எல்லா அமைப்பும் இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்றும் இல்லை. ஈழத்து ஆவணங்களைச் சேர்த்துவரும் ‘நூலகம்’ 2005இல் தொடங்கியது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட நினைவு அந்த முயற்சியின் பின்னால் இருப்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதன் தளமும், 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் மீடியாவிக்கி என்ற மென்பொருளில் இயங்குபவை. அங்கே ‘பகுப்பு’ என்பது பக்கத்தின் வாசகத்துக்குள்ளேயே எழுதப்படுகிறது. ஆகவே, பகுப்பை மாற்றுகிறவர் பிரதியை மாற்றுகிறவரே; அவர் பயனர் பெயர் வரலாற்றில் நிற்கும். நச்சினார்க்கினியரோடு போடும் சண்டையை அங்கே போடலாம்.

3

அகநானூற்றின் எண்முறை தமிழாசிரியர் எல்லோரும் ஒப்பிக்கிற சங்கதி. ஒற்றைப்படை எண்கள் பாலை. 2, 8 என முடிவன குறிஞ்சி. 4இல் முடிவன முல்லை. 6இல் முடிவன மருதம். பத்தின் மடங்குகள் நெய்தல். கணக்குப் போட்டால் பாலை 200, குறிஞ்சி 80, மற்ற மூன்றும் நாற்பது நாற்பது. தேர்வுக்கு ஒப்பிப்பதோடு சரி, இது என்ன காரியம் செய்கிறது என்று யாரும் கேட்பதில்லை. 24 என்ற எண்ணைக் கேட்டவுடன், பாட்டைப் பார்க்காமலே, முல்லை என்று சொல்லிவிடலாம். நடுவில் ஒரு பாட்டைச் செருகினாலோ உருவினாலோ அதற்குப் பிறகு வரும் அத்தனை திணையும் பிசகி, திருட்டு வெளிப்பட்டுவிடும். முகவரியே பொருளும் காவலும் ஆகிவிடுகிறது.

நமது தளங்களின் முகவரிகள் எப்படி இருக்கின்றன? வேர்ட்பிரஸில் தலைப்பிலிருந்தே பக்கத்தின் முகவரித் துண்டு தானாக உருவாகும். அதற்கு ஒதுக்கிய இடம் 200 எழுத்து. ஆங்கிலத் தலைப்புக்கு இது தாராளம். தமிழில் ஒவ்வொரு குறியீடும் சதவீதக் குறி போட்ட ஒன்பது எழுத்தாக மாறித்தான் உள்ளே போகும். மெய்யும் அதன்மேல் வரும் குறியும் தனித்தனிக் கணக்கு. ஆக, மொத்தம் 22 குறியீடுகளுக்கு மேல் இடமில்லை. ‘சிலப்பதிகாரத்தில் ஊர்காண் காதை’ என்று ஒருவர் தலைப்பு வைத்தால் முகவரி ‘சிலப்பதிகாரத்தில்-ஊர்கா’ என்று நின்றுவிடும். கோவலன் மதுரையைச் சுற்றிப் பார்க்கப் போன காதை ஊறுகாய்க் கடைப் பக்கம் ஒதுங்கிவிடுகிறது. அதே தொடரில் இன்னொரு கட்டுரை வந்தால் முகவரிக் கடைசியில் 2 என்று ஒட்டிக்கொள்ளும், அடுத்ததற்கு 3. இந்த எண்களுக்குத் திணையும் இல்லை துறையும் இல்லை. யார் முதலில் க்யூவில் நின்றார் என்பது மட்டும்தான். இதற்குப் பயந்து தமிழ்த் தளக்காரர்கள் பலர் முகவரியை ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து வைக்கிறார்கள். வீட்டுக்குள் தமிழ், வாசல் பலகை ஆங்கிலம்.

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இந்தச் சிக்கலை அறிந்தோ அறியாமலோ தாண்டியது. அங்கே நூல்களுக்கு வரிசை எண்தான். ஒன்றாம் எண் திருக்குறள். அன்றும் அதுதான், இன்றும் அதுதான். வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ அதே 1998இல், நல்ல முகவரி மாறாது என்ற பொருளில் ஒரு குறிப்பு எழுதினார். மாறாத எண் பேரழகு இல்லைதான். ஆனால் அதை நம்பி இன்னொருவர் மேற்கோள் காட்டலாம்.

இனி, இல்லாமல் போனவை. உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். 267, 268 ஆகிய இரண்டு பாடல்கள் கிடைக்கவில்லை. ஆனால் எண்கள் இருக்கின்றன. 266க்கு அடுத்து 269 என்று வருகிறபோது நாம் அந்த இடத்தில் ஒரு கணம் நிற்கிறோம். இங்கே இரண்டு பாட்டு இருந்தது என்று தெரிந்துகொள்கிறோம். பிந்தையவற்றை முன்னே நகர்த்திப் பள்ளத்தை நிரவிவிட்டால், புறநானூறு என்ற பெயரே பொய்யாகும் என்பது ஒருபக்கம். இழப்பும் வரலாற்றின் பகுதி என்பது இன்னொரு பக்கம்.

சி.எம்.எஸ்.ஸில் குப்பைத்தொட்டி இருக்கிறது. வேர்ட்பிரஸ் அதை வேறு யாரும் சொல்லாவிட்டால் முப்பது நாளில் தானே காலிசெய்யும். அதன்பின் அந்த முகவரிக்குப் போகிறவருக்கு 404. ‘காணவில்லை’ என்றுதான் அதற்குப் பொருள். இருந்தது போய்விட்டதா, எப்போதும் இல்லையா என்று அது சொல்லாது. வலையின் நெறிமுறையில் 410 என்று இன்னொரு எண்ணும் உண்டு: இருந்தது, இப்போது இல்லை, இனியும் வராது என்பது அதன் பொருள். அதைப் போடுவதற்குச் சிரமப்படுகிற தமிழ்த் தளத்தை நான் பார்த்ததில்லை. ஒருவரை இல்லாமல் ஆக்குவதற்கும், அவர் இருந்ததே இல்லை என்று ஆக்குவதற்கும் உள்ள வேறுபாடு நமது அரசியலுக்குத் தெரியாததல்ல.

4

‘போட்டதுதான் இருக்குதே, தேடிப் பார்த்துக்க வேண்டியதுதானே’ என்பார்கள். தேடிப் பார்ப்போம். வேர்ட்பிரஸின் உள்ளிருக்கும் தேடுபெட்டி நாம் தரும் எழுத்துத் தொடர் பக்கத்தில் எங்காவது அப்படியே வருகிறதா என்று பார்க்கும். அவ்வளவுதான் அதன் அறிவு. ஆங்கிலத்தில் இது ஓரளவு ஓடும், ஏனெனில் அங்கே பன்மை விகுதி பெரும்பாலும் சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்ளும், சொல் உடையாது. தமிழில் ‘மரம்’ என்று தேடுங்கள். மரத்தை, மரங்கள், மரமேறி – எதுவும் வராது. ஒன்றில் மகர மெய் தகரமாகிவிட்டது, ஒன்றில் ஙகரமாகிவிட்டது, ஒன்றில் உயிர் ஏறிக்கொண்டது. நன்னூலைப் புணரியலோடு மூடிவைத்த மாணவனுக்குக்கூடத் தெரிந்த சங்கதி இயந்திரத்துக்குத் தெரியவில்லை. எதிர்ப்பக்கமும் உண்டு: ‘கல்’ என்று தேடினால் கல்வி வரும், கல்யாணம் வரும், பகல் வரும்.

இதற்கும் முந்தைய அடுக்கு ஒன்று இருக்கிறது. யூனிகோடில் தமிழுக்கு 1991லேயே இடம் கிடைத்துவிட்டது என்றாலும் 2000களின் நடுப்பகுதிவரை இங்கே ஒவ்வொரு நாளிதழும் பத்திரிகையும் தனக்கென்று ஒரு எழுத்துரு வைத்திருந்தது. டிஸ்கி, டாப், டாம் என்று குறிமுறைகள் வேறு. அவற்றில் எழுதியது திரையில் தமிழாகத் தெரிந்தது; தரவுத்தளத்தில் ஐரோப்பிய எழுத்துகளின் குவியலாகக் கிடந்தது. அமைப்பு மாற்றும்போது குறிமாற்றம் செய்யாமல் இழுத்து வந்தவர்களின் பழைய பக்கங்கள் இன்றும் அப்படியே கிடக்கின்றன. அழியவில்லை, இருக்கின்றன, வட்டில் இடம் பிடித்துக்கொண்டிருக்கின்றன. யாரும் தேடி அடைய முடியாது. ஏட்டைக் கரையான் அரித்தால் ஓட்டையாவது தெரியும்.

நான் வேலை பார்த்த இடத்தில் இப்படிப்பட்ட பக்கங்கள் மூட்டை மூட்டையாக வந்தபோது, என்னைவிட இளையவரான மேற்பார்வையாளர் மரியாதையாகத்தான் சொன்னார்: ‘சார், எல்லாத்தையும் பிறன்னு போட்டுட்டு மேல போங்க. யாரு பார்க்கப் போறா?’

5

‘பிற’ என்பதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். வேர்ட்பிரஸில் ஒரு வகையும் தராமல் ஒரு கட்டுரையை வெளியிட முடியாது. தராவிட்டால் ‘வகைப்படுத்தப்படாதது’ என்ற பொருளுள்ள இயல்பிருப்பு வகைக்குள் போய் விழும். அதன் பெயரை மாற்றலாம், வேறொன்றை இயல்பிருப்பு ஆக்கலாம். ஆனால் அப்படி ஒன்று எப்போதும் இருந்தே தீரும், இயல்பிருப்பாக இருக்கும்வரை அதை நீக்க முடியாது. எல்லா ஒழுங்குக்கும் ஒரு குப்பைமேடு தேவைப்படுகிறது.

தாம்பரத்துக்கும் சிறுசேரிக்கும் நடுவில் வாழ்கிறவர்களுக்கு இதன் தமிழ்ப் பெயர் தெரியும்: புறம்போக்கு. வருவாய்த்துறையின் வகைப்பாட்டில் நஞ்சை, புஞ்சை, நத்தம் எல்லாம் போக, வரி வராத நிலம். அது வெறும் கணக்குச் சொல்லாகத்தான் தொடங்கியது. பிறகு சென்னைத் தமிழில் மனிதர்களைத் திட்டும் சொல்லானது. வகைக்கு வெளியே இருப்பது முதலில் மதிப்பற்றது, பிறகு கேட்பாரற்றது, கடைசியில் கொட்டுமிடம். பள்ளிக்கரணைச் சதுப்பின் ஒரு பகுதியில்தான் பெருங்குடிக் குப்பைமேடு எழுந்தது. அது நீரைத் தாங்கும் நிலம் என்று இன்னொரு வகைப்பாடு – ராம்சர் பட்டியல் – 2022இல் சொன்னபோது சதுப்பின் பெரும்பகுதி போய்விட்டிருந்தது. பெயர்தான் நிலத்தை அழித்தது என்று சொல்லவில்லை. அழிப்பதற்குக் கூச்சம் தேவைப்படாமல் செய்தது பெயர்.

ஒப்பாரி, கானா, துண்டறிக்கை, தெருமுனைக் கூட்டப் பேச்சு, சாதிச் சங்கத்துக்கு எதிரான நாலு பக்க வெளியீடு – இவையெல்லாம் நமது தளங்களில் எங்கே போய் விழுகின்றன என்று பாருங்கள். ‘கவிதை, கதை, கட்டுரை, பிற’. விளிம்பு என்று நாம் பக்கம் பக்கமாக எழுதிய கோட்பாடு, கீழிறங்கு பட்டியலின் கடைசி வரியில் ஒற்றைச் சொல்லாக உட்கார்ந்திருக்கிறது.

ஆசிரியர் கட்டத்துக்கும் இதே கதி. பார்த் 1967இல் ஆசிரியனின் மரணத்தை அறிவித்தார். ஃபூக்கோ 1969இல் ஆசிரியன் என்பது ஆளல்ல, ஒரு செயல்பாடு என்றார். சிறுசேரியில் இது தத்துவம் இல்லை, நடைமுறை. ஒரு பயனரை வேர்ட்பிரஸிலிருந்து நீக்கும்போது அது கேட்கும்: இவர் எழுதியதையும் சேர்த்து நீக்கவா, அல்லது வேறொருவர் பேருக்கு மாற்றிவிடவா? அமைப்பு மாறும் நாளில், வேலையை விட்டுப் போனவர்களின் எழுத்தெல்லாம் ஒரே பொத்தானில் ‘நிர்வாகி’யின் எழுத்தாகிவிடும்.

குறுந்தொகையில் சில பாட்டுக்கு எழுதியவர் பெயர் கிடைக்கவில்லை. அங்கும் கட்டம் காலி. என்ன செய்தார்கள்? பாட்டுக்குள்ளிருந்து ஒரு தொடரை எடுத்துப் பெயராக்கினார்கள்: நாற்பதாம் பாட்டுக்குச் செம்புலப்பெயனீரார், அடுத்த பாட்டுக்கு அணிலாடு முன்றிலார். காலிக் கட்டத்தை நிரப்பியது அதிகாரத்தின் பெயர் அல்ல, வாசிப்பின் பெயர். பெயர் தெரியாதவர் என்பதும் அந்தப் பெயரிலேயே தெரிகிறது. செம்புலப்பெயனீராரை ‘நிர்வாகி’ என்று மாற்றிப் படித்துப் பார்த்தால் நாம் எங்கே வந்து நிற்கிறோம் என்பது புரியும்.

6

தொகை மரபைத் தூக்கிப் பிடிக்கிறான் என்று ஒரு குரல் கேட்கிறது. நியாயமான குரல்தான். அகநானூற்றைத் தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. ஐங்குறுநூற்றைத் தொகுப்பித்தவன் சேரமன்னன். அரசன் செலவில் நடந்த காரியம். எட்டுத்தொகைக்குள் வராத பாட்டு எத்தனை, யாருடையவை – அவற்றுக்கு 267, 268 போல எண்கூட மிஞ்சவில்லை. தெரிதா 1994இல் ஆற்றிய ஆவணக் காப்பகம் பற்றிய உரையில், அந்தச் சொல்லின் கிரேக்க மூலம் ஆள்வோரின் இல்லத்தைக் குறித்தது என்று நினைவூட்டினார். அவ்வளவு தூரம் போக வேண்டாம். நமது ‘ஆவணம்’ என்ற சொல்லுக்கே அகராதியில் உரிமைப் பத்திரம் என்றும் பொருள், அடிமைத்தனம் என்றும் பொருள், கடைத்தெரு என்றும் பொருள். சிப்காட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர்ப்பலகை கிடையாது.

ஆக, மரபு புனிதம் என்பதல்ல என் வாதம். அதன் அதிகாரம் கண்ணுக்குத் தெரிந்த அதிகாரம். பெயரும் காரணமும் பள்ளமும் தெரிய நின்றதால் அதை எதிர்த்து வாசிக்க முடிந்தது. சீர்காழியில் 1892இல் பிறந்து, 1924 முதல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் செய்ததும் ஒருவகையில் இதுவே. கிறிஸ்தவத்துக்குப் பெரும் இடம் ஒதுக்கி மற்ற மதங்களை ஒரு மூலைக்குத் தள்ளிய டூயியின் 1876ஆம் ஆண்டுப் பகுப்பு எல்லாவற்றையும் முன்கூட்டியே பெட்டிகளாக அடுக்கிவைத்தது. ரங்கநாதன் 1933இல் முதலில் வெளியிட்ட கோலன் பகுப்பில், பின்னாளில் ஒரு நூலை ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என ஐந்து முகங்களில் பார்க்கச் சொன்னார். முதல், கரு, உரி என்று பாட்டைப் பார்த்த, திணை மயக்கத்துக்கும் இடம் கொடுத்த திணைக் கோட்பாட்டோடு அவருக்கு நேரடித் தொடர்பு உண்டென்று சொல்ல வரவில்லை. ஆனால், ஒரு பிரதி ஒரே பெட்டிக்குள் அடங்காது என்பதை இரண்டும் அறிந்திருந்தன. இன்றைய அமைப்புகளில் பன்முக வகைப்பாட்டுக்கு வசதி இருக்கிறது. வசதியைப் பயன்படுத்துவதற்கான வாசகர்கள் கட்டம் போடுகிற அறையில் இல்லை.

செய்ய வேண்டியவை பெரிய புரட்சி அல்ல. வகையோடு கூடவே, வகைப்படுத்தியவர் பெயருக்கும் நாளுக்கும் காரணத்துக்கும் ஒரு கட்டம். நீக்கியதற்கு ஒரு கல்லறை எண். ஆசிரியர் தெரியாவிட்டால் தெரியாது என்று எழுத ஓர் இடம். சந்தி பிரித்துத் தேடும் ஒரு தேடுபெட்டி. ‘பிற’ நிரம்பி வழிகிறபோது குற்றம் பிரதிகளில் அல்ல, பட்டியலில் இருக்கிறது என்று கொண்டு பட்டியலைத் திருத்தும் வழக்கம். இவற்றுக்கு நிரலாளர் தேவைதான். அதற்கு முன்னால் புணரியலும் துறையும் தெரிந்த ஆள் தேவை. தமிழ்த் துறைகள் பதிப்பியலை ஒரு தாளாக இன்னும் கற்பிக்கின்றன. ஏட்டுச்சுவடியில் நிற்கும் அந்தப் பாடத்திட்டம் தரவுத்தளம்வரை வந்தாக வேண்டும்.

சிற்றிதழ்களின் பழைய இதழ்கள் ஒவ்வொன்றாக வருடப்பட்டு வலையேறுகின்றன. நமது சண்டைகள், பிளவுகள், பதில்கள், பதிலுக்குப் பதில்கள் எல்லாவற்றுக்கும் யாரோ எங்கோ வகை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், ஒரு நாளைக்கு இத்தனை பக்கம் என்ற கணக்கில். அந்தப் பட்டியலை எழுதுவது விமர்சகர்களின் வேலை. நாம் எழுதாவிட்டால் ‘இலக்கியம்’, ‘அரசியல்’, ‘பிற’ என்று மூன்று கட்டத்தில் அது எழுதி முடிக்கப்பட்டுவிடும். எழுதியவர் பெயர் நிர்வாகி என்றிருக்கும்.